ஈரம் போக ஒரு வழி

என் மகள் ஷாமினி ஈப்போவிலிருந்து துணி காயவைக்கும் மெஷின் ஒன்றைக் காரில் போட்டுக் கொண்டுவந்த அன்று, எங்கள் லயத்தில் மூன்று வீட்டுக்குக் கரண்டு போனது. வயரைச் சொருகி, பட்டனைத் தட்டி, இனிமேல் அம்மாவுக்குக் கவலை இல்லை என்று அவள் சொல்லி முடிக்கவில்லை, வீடு இருண்டுவிட்டது. பக்கத்து வீட்டு மாரியம்மா பாதி வெந்த சோற்றுப் பானையோடு வாசலில் வந்து நின்றாள். மூடியைத் திறந்து காட்டிவிட்டுப் போனாள்.

தோட்டம் என்று நாங்கள்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ரப்பர் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்தது. செம்பனையும் போய், அந்த நிலத்தில் இப்போது தாமான் என்று புதுக் குடியிருப்பு வீடுகள் எழும்புகின்றன. தைப்பிங் போகும் சாலையோரம் மிஞ்சியது பதினொரு வீடு ஒட்டினாற்போல் வரிசையாக நிற்கும் ஒரே ஒரு லயம். மூன்று வீட்டுக்கு ஒரு மீட்டர். அந்த மீட்டருக்கு வரும் கம்பிக்கு என் வயது இருக்கும். அதை மாற்றித் தரச்சொல்லி நாங்கள் எழுதிய முதல் கடிதத்துக்கே எட்டு வயது ஆகிறது. மெஷின் மறுநாள் ஈப்போவுக்குத் திரும்பிப் போனது.

சௌகரியத்துக்காக வந்த மெஷின் என்றால் நான் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். அது என் முதுகுக்காக வந்தது.

நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன். பெயர் தர்மேந்திரன். நான்கு வருஷத்துக்கு முன், ஏற்றிய குலைகளின் மேல் நின்று வலை கட்டும்போது வழுக்கி விழுந்தேன். இடுப்புக்குக் கீழே இருப்பது என்னுடையதுதான் என்று கண்ணால் பார்த்தால்தான் எனக்குத் தெரியும். இடுப்புக்கு மேலே எல்லாம் நன்றாகவே வேலை செய்கிறது: கை, வாய், கோபம். இதில் அதிகம் உழைப்பது வாய் என்று என் மனைவி புனிதா சொல்வாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். என்னால் எதையும் அடக்க முடியாது. ஒரு நாளைக்கு நாலு தடவை, சில நாள் ஆறு தடவை விரிப்பு மாற்ற வேண்டும். பேம்பர்ஸ் கட்டினால் தோல் வெந்து போகிறது. ஆகவே புனிதா துவைப்பாள், பிழிவாள், காயப்போடுவாள். வெயில் அடித்தால் இதில் கதை ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்து வானம் உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் தைப்பிங்கில் மழை வருமா வராதா என்று பந்தயம் கட்டுவார்களாம். இப்போது கட்டுவதில்லை, வராது என்று சொல்ல ஆள் கிடைக்க வேண்டுமே. இந்தத் தடவை நவம்பரில் பிடித்த மழை ஜனவரியிலும் விடவில்லை.

காசு போட்டால் காயவைத்துத் தரும் டோபிக் கடை டவுனில் இருக்கிறது. பதினொரு கிலோமீட்டர். புனிதா மோட்டார் சைக்கிளில் போய்க் காயவைத்துத் திரும்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை என்னைத் திருப்பிப் போட ஆள் இல்லை. அது போதாதென்று, நோயாளியின் விரிப்புகளைப் போடக் கூடாது என்று கடைச் சுவரில் நான்கு மொழியில் எழுதி ஒட்டியிருந்தார்கள். நான்கில் ஒன்றாவது வேறு மாதிரி சொல்லாதா என்று நின்று பார்த்ததாகப் புனிதா வந்து சொன்னாள்.

அதனால் வீட்டுக்குள் கயிறு கட்டி, அரை ஈரத்தில் எடுத்து, இஸ்திரி போட்டு விரித்தாள். அந்த அரை ஈரம்தான் என்னைத் தின்றது. முதுகுத்தண்டு முடியும் இடத்தில் ஒரு புண் திறந்தது. எனக்கு வலிக்கவில்லை. நாற்றம் வந்துதான் எனக்கே தெரிந்தது.

வாராவாரம் வெள்ளிக்கிழமை கட்டுப் போட வரும் நர்ஸ், ட்ரேசி மிஸ்ஸி, அதைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றி, புனிதாவை உட்காரச் சொன்னாள்.

"அக்கா, புண்ணு ஆழமாப் போவுது. காரணம் ஈரம்தான், வேற ஒண்ணும் இல்ல. மூணு வாரம் பாப்போம். அதுக்கப்புறமும் உள்ள போச்சின்னா நான் வார்டுக்கு எழுதிருவேன். என்னைத் திட்டக்கூடாது."

பிறகு என் பக்கம் திரும்பினாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னால் நான் ஏன் கேட்பதில்லை என்று கேட்டாள். கட்டில் பலகைச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் ஒருக்களித்தால் மூக்குக்கு முன்னால் பலகைதான், இந்தப் பக்கம் என்றால் விழுந்துவிடுவேனோ என்று பயம். நான் என்ன, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவனா, சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க என்று சொன்னேன். ட்ரேசிக்குச் சிரிப்பு வரவில்லை. புனிதாவுக்கும் வரவில்லை.

அன்று சாயங்காலம் ஷாமினி போன் செய்தாள். ஈப்போவில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹோம் ஒன்றை அவள் விசாரித்து வைத்திருந்தாள். ஏர்கான், கழுவித் துடைக்க ஆள், நாளெல்லாம் காய்ந்த விரிப்பு. புனிதா ஒரே வார்த்தையில் முடியாது என்றாள். உங்க அப்பாவை அடுத்தவர் கையில் விட நான் இன்னும் சாகவில்லை என்றாள். போனை வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள்.

அவள் போனதும் நான் ஷாமினியைப் போனில் கூப்பிட்டேன். என் பெயரை எழுதிவிடு, மூன்று வாரம் கழித்து வந்து அழைத்துப் போ, அம்மாவிடம் இப்போது சொல்லாதே என்றேன். நாலு வருஷமாகப் புனிதா சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்கியதில்லை. கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவள், எனக்காக வேலையை விட்டு நின்றவள். பெரிய தியாகம் செய்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. உள்ளே பார்த்தால், என் அழுக்கை அவள் கையால் துவைப்பதைப் பார்த்துக்கொண்டு கிடக்க எனக்கு முடியவில்லை. அவ்வளவுதான்.

மறுநாள் காலை பின்கட்டில் தகரம் இழுபடும் சத்தம் கேட்டது. மாரியம்மா வீட்டில் கிடந்த துருப்பிடித்த இரும்பு அலமாரியைப் புனிதா தரதரவென்று இழுத்து வந்து, சரியாக என் கட்டிலுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தினாள்.

என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். கரண்டு இல்லாமல் துணி காயவைக்கும் பெட்டி ஒன்று செய்யப் போவதாகச் சொன்னாள். கீழே நெருப்பு, மேலே துணி. இதற்கு என்ன பெரிய படிப்பு வேண்டும் என்றாள்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஏனென்றால் இந்த விஷயம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். லோரி ஓட்டுவதற்கு முன், பதினெட்டு வயதில், இதே தோட்டத்துப் புகைவீட்டில் இரண்டு வருஷம் நெருப்புப் போட்டவன் நான். ரப்பர் ஷீட்டுகளை மூங்கில் கழியில் தொங்கவிட்டு, கீழே விறகு எரித்து, நாலு நாளில் தேன் நிறத்துக்குக் காயவைப்போம். கதவை ஒரு விரல் அளவு திறந்தாலும் கங்காணி கத்துவார். சூடு போனால் விறகு போச்சு என்பார். அந்தப் பாடத்தை நான் கட்டிலில் படுத்தபடி புனிதாவுக்கு நடத்தினேன். அலமாரியின் ஓட்டையை எல்லாம் அடை. கதவு இடுக்கில் ஈரச் சாக்கைத் திணி. மேலே இருக்கும் ஓட்டைகளை முதலில் அடை, சூடு மேலேதான் போகும். அவள் ஒவ்வொன்றாக அடைத்தாள்.

முதல் விரிப்பு கரி பிடித்து வந்தது. அடுப்பை அலமாரிக்குள்ளேயே வைத்திருந்தோம். வாட்டிய கருவாடு மாதிரி நாறியது. ரப்பருக்குப் புகை நல்லது, மனுஷனுக்கு ஆகாது என்பது எனக்குத் தோன்றவில்லை. புனிதா மறுபடி துவைத்தாள். கோபப்படவில்லை. அடுப்பை வெளியே எடுத்தாள். கரி அடுப்பின் மேல் எண்ணெய்த் தகரம் ஒன்றைக் கவிழ்த்து, தகரத்தின் மேல் பட்டுச் சூடான காற்று மட்டும் ஒரு குழாய் வழியாக அலமாரிக்குள் போகும்படி செய்தாள். தகரத்துக்கு இந்தப் பக்கம் பழைய மேசை விசிறி. விசிறி அளவுக்கு எங்கள் கரண்டுக் கம்பி தாங்கும். புகை ஒரு வழி போனது, சூடு ஒரு வழி போனது. இதை எங்கே படித்தாய் என்று கேட்டேன். படிக்கவில்லை, புகை எங்கே போகிறது என்று ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள்.

நாற்றம் போனது. துணி காயவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் விரிப்பு சுடச்சுட, சொதசொதவென்று, புட்டுத் துணி மாதிரி இருந்தது. கரியை இன்னும் போடு என்றேன். போட்டாள். இன்னும் சுட்டது, அதே ஈரம். எங்கேயோ சூடு ஒழுகுகிறது, ஒழுங்காக அடை என்று நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன். மேலே ஒரு ஓட்டை விட்டுப் பார்க்கட்டுமா என்று அவள் கேட்டாள். புகைவீட்டில் வேலை பார்த்தது நீயா நானா என்று கேட்டேன். இப்படி ஐந்து நாள் போனது. புண் இன்னும் ஆழமாகியது.

ஆறாம் நாள் புனிதா உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் போன் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. என்னுடைய ஐசி, அடையாள அட்டையின் நகல் வேண்டும் என்று ஹோமில் கேட்டார்களாம். ஷாமினி வாய் தவறி அம்மாவிடமே கேட்டுவிட்டாள்.

"போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க," என்றாள். குரல் உயரவில்லை. "அதனாலதான் ஓட்டைய அடை, ஓட்டைய அடைன்னு சொன்னீங்களா? இது வேல செய்யக்கூடாதுன்னு?"

நான் எத்தனையோ ஏச்சு வாங்கியிருக்கிறேன். இது போல ஒன்று வாங்கியதில்லை. இல்லை என்று சொன்னேன். அவள் காதில் விழவில்லை. பரணிலிருந்து என் பயணப் பையை எடுத்து, கொடியில் கிடந்த என் சாரோங் மூன்றையும் சட்டை இரண்டையும் உருவி, ஈரத்தோடே மடித்துத் திணித்தாள். வீட்டில் காய்ந்த துணி என்று ஒன்று இருந்தால்தானே. ஜிப்பை இழுத்து மூடி, பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"நான் தடுக்க மாட்டேன். ஆனா அந்த மூணு வாரம் முடியிற வரைக்கும் நான் வேலைய விட மாட்டேன். அதுக்கப்புறம் நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

அவள் பின்பக்கம் போய்விட்டாள். மழை தகரத்தில் விழும் சத்தத்தில் அழுகிறாளா என்று தெரியவில்லை. எனக்குக் கோபமும் அவமானமும் சேர்ந்து வந்தது. நான் அவளை ஏமாற்றினேன்தான். ஆனால் அந்தப் பெட்டி விஷயத்தில் ஏமாற்றவில்லை. அதை எப்படி நிரூபிப்பது? எனக்குத் தெரிந்த புகைவீட்டை மறுபடி ஒரு தடவை, கதவிலிருந்து கூரை வரை, நினைத்துப் பார்த்தேன். எங்கே தப்பு என்று தேடினேன்.

புகைவீட்டில் நாலு அறை. ஷீட்டு முதல் நாள் முதல் அறை, அடுத்த நாள் அடுத்த அறை என்று நகரும். நான் நெருப்புப் போட்டது மூன்றும் நாலும். அவை மூடித்தான் இருக்கும். முதல் அறை இருளாயி அக்காவின் பொறுப்பு. தண்ணீர் சொட்டச் சொட்ட ஷீட்டு வரும் அறை அது. அந்த அக்கா எப்போதும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வேலை செய்யாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அந்தக் கயிறு எங்கே போனது? கூரைக்குப் போனது. கூரையில் ஒரு பலகை. அவள் இழுத்தால் பலகை திறக்கும். அதன் வழியாக வெள்ளையாக ஏதோ வெளியே போகும். நாங்கள் அதைப் புகை என்று நினைத்தோம்.

அது புகை இல்லை. அது தண்ணீர்.

நான் புனிதாவைக் கூப்பிட்டேன். இரண்டாம் தடவை கூப்பிட்டதற்கு வந்தாள். அலமாரிக் கதவின் உட்பக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தண்ணீர் முத்து முத்தாக நின்று ஒழுகுகிறது, மூன்று நாளாகவே இருக்கிறது, சொன்னால் நீங்கள் கத்துவீர்கள் என்று சொல்லவில்லை என்றாள்.

"தப்பு எம்மேலதான்," என்றேன். "நான் காஞ்ச ஷீட்டுக்கு நெருப்புப் போட்டவன். ஈர ஷீட்டு எனக்குத் தெரியாது. மேல ஓட்டை போடு. ஈரம் போவ வழி வேணும்."

அவள் என்னையே பார்த்தாள். முப்பது வருஷத்தில் நான் தப்பு என் மேல் என்று சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். சுத்தியலை எடுத்துக்கொண்டு போனாள். அலமாரியின் உச்சியில் ஆணி இறங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு பழைய தகரக் குழாயை அதில் சொருகி, கூரைக்கு வெளியே விட்டாள். அரை மணி நேரத்தில் குழாய் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி போவதை மாரியம்மாதான் முதலில் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். வீடு எரிகிறது என்று நினைத்துவிட்டாள்.

விரிப்பு காய்ந்தது. ஆனால் இரண்டுதான் தொங்கவிட முடிந்தது. தொங்கியபடியே காய்ந்ததால் பழைய அப்பளம் மாதிரி விறைப்பாக, மடிப்பு மடிப்பாக வந்தது. அதை விரித்து என்னைப் படுக்கவைத்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை வந்த ட்ரேசி, ஈரம் இல்லாதது நல்லது, ஆனால் இந்த மடிப்புகள் புண்ணை உரசுகின்றன என்றாள். துணி மெத்தென்று இருக்க வேண்டும் என்றாள். இரண்டு வாரம்தான் பாக்கி இருந்தது.

"அப்ப துணி சும்மா தொங்கக்கூடாது," என்று புனிதா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "உருளணும்."

அன்றே டவுனில் வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் ஸ்டானிஸ்லாசுக்குப் போன் செய்தாள். அவன் சனிக்கிழமை மழையிலேயே வந்தான். அலமாரியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, நல்ல ஆள்தான், சிரிக்காமல் தலையாட்டினான். இரண்டு நாள் கழித்து, பழுதாகி ரோசாக் ஆன மெஷின் ஒன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ஸ்டீல் டிரம்மைக் கொண்டுவந்தான். சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டை, பின்னால் அதன் அச்சு. அலமாரியை வெட்டி டிரம்மைப் படுக்கவைத்து, அது சுழலும்படி அச்சுக்கு ஒரு தாங்கியைக் கேஸ் வெல்டிங் செய்தான். அச்சில் ஒரு சைக்கிள் பல்சக்கரம், சங்கிலி, கையால் சுற்ற ஒரு பெடல். இதற்குத் தோதான சின்ன மோட்டார் கிடைக்க ஒரு மாதம் ஆகும், அதுவரை கைதான் என்று சொல்லிவிட்டுப் போனான்.

புனிதா சுற்றினாள். ஒரு விரிப்புக்கு முக்கால் மணி நேரம். வேகமாகச் சுற்றினால் துணி டிரம்மின் சுவரில் ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், காயாது. மெதுவாகச் சுற்றினால் அடியிலேயே கிடக்கும். நடுவில் ஒரு வேகம் இருக்கிறது. அப்போது துணி மேலே போய்த் தொப்பென்று விழும். அந்தத் தொப் சத்தம் சுவர் வழியாக என் தலைமாட்டில் கேட்டுக்கொண்டே இருக்கும். கரி போட வேண்டியிருந்தால் சத்தம் நிற்கும். சோறு பொங்கினால் நிற்கும். என்னைத் திருப்ப வந்தால் நிற்கும். நின்றால் ஒரே பக்கம் சூடு பட்டுத் துணி மஞ்சளாகும். நாலாவது விரிப்புக்கு அவளால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. தலை வாரும்போது பார்த்தேன். இடது கையால் வாரினாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வீட்டில் சும்மா கிடக்கும் கை இரண்டு இருக்கிறது. இருபத்தெட்டு வருஷம் லோரி ஸ்டியரிங் பிடித்த கை.

சுவரில் ஓட்டை போட்டுச் சங்கிலியை உள்ளே விடு, பெடலை என் கட்டில் பக்கம் மாட்டு என்றேன். முடியாது என்றாள். நோயாளியை வேலை வாங்குகிறாள் என்று ஊர் சொல்லும் என்றாள். ஊர் வந்து சுற்றித் தருமா என்று கேட்டேன். பிறகு நான் என்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னேன்.

"நாலு வருஷமா எனக்கு எல்லாம் நீ செய்யிற. நான் போறேன்னு சொன்னது அதைப் பாக்க முடியாமத்தான். ஒரு வேலைய எங்கிட்ட குடு, புனிதா."

அவள் போய் ரம்பத்தை எடுத்து வந்தாள்.

பெடலைச் சுற்ற வேண்டும் என்றால் நான் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுக்க வேண்டும். வேறு வழியில்லை. காலையில் தலையைக் கிழக்கே வைத்துப் படுத்தால் இடது கை. மதியம் புனிதா என்னைத் தூக்கித் தலையை மேற்கே மாற்றிப் போடுவாள், அப்போது வலது கை. முதல் நாள் பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்கியது. இரண்டாம் நாள் உள்ளங்கையில் கொப்புளம். நாலாம் நாள் ஒரு விரிப்பை நிறுத்தாமல் முடித்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பது சலிப்பாக இல்லையா என்று மாரியம்மா கேட்டாள். நான் எங்கே சுவரைப் பார்த்தேன்? காதுதான் வேலை செய்தது. ஈரத் துணி தொப்பென்று விழும். காயக் காயச் சத்தம் லேசாகும். கடைசியில் தலையணையைத் தட்டுவது போல ஒரு சத்தம். அந்தச் சத்தம் வந்தால் திறக்கலாம். புனிதா சூட்டோடு எடுத்து என் தோளுக்கடியில் விரிப்பாள். இடுப்பு வரைக்கும்தான் அந்தச் சூடு எனக்குத் தெரியும். அந்த அளவுக்கே அழுகை வந்தது. அழுதேன். மறைக்கவில்லை.

பிறகு மாரியம்மா பேத்திகளின் பள்ளி உடுப்பை ஒரு பிளாஸ்டிக் பேசினில் கொண்டுவந்து வைத்தாள். அடுத்த நாள் இன்னொரு வீட்டிலிருந்து கைப்பிள்ளைத் துணி வந்தது. கரியை அவரவர் கொண்டுவந்தார்கள்.

மூன்றாம் வாரத்து வெள்ளிக்கிழமை ட்ரேசியும் ஷாமினியும் ஏறக்குறைய ஒன்றாக வந்தார்கள். வெளியே நல்ல மழை. நான் தலை கிழக்கே, முகம் சுவரில், கை பெடலில் இருந்தேன். பாதி விரிப்பு ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த முடியாது. என் முதுகை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் வேலையாக இருக்கிறேன் என்றேன்.

ட்ரேசி கட்டைப் பிரித்தாள். போன வாரமே அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது என்று புனிதா சொல்லியிருந்தாள். இப்போது எனக்கு முகம் தெரியவில்லை. நான் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

"உள்ள போவல," என்றாள் கடைசியில். "ஓரத்துல புதுச் சதை வந்திருக்கு. சுத்தமா இருக்கு. யாரு அண்ணன ஒருக்களிச்சுப் போட்டது? நான் ஒரு வருஷமா சொல்லுறேன்லா."

யாரும் போடவில்லை, இந்த வேலைக்கு இப்படித்தான் படுக்க வேண்டும் என்றேன். வார்டுக்கு எழுத வேண்டிய தேவை இல்லை என்று சொல்லிவிட்டு, ட்ரேசி புதுக் கட்டுப் போட ஆரம்பித்தாள்.

ஷாமினி கட்டில் தலைமாட்டில் வந்து நின்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பாசத்தோடு வந்த பிள்ளை. நான் சொன்னதைத்தான் அவள் செய்திருந்தாள். ஹோமில் ஜன்னல் பக்கத்துக் கட்டிலைப் பிடித்து வைத்திருப்பதாகவும், இன்று வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னாள். புண் ஆறினாலும் அம்மாவுக்கு இந்தப் பாடு ஆறாதே என்றாள். அது உண்மை.

"போலாமாப்பா?"

புனிதா சமையல்கட்டு வாசலில் பேசினோடு நின்றிருந்தாள் என்று எனக்குத் தெரியும். பேசின் விளிம்பில் அவள் விரல் தட்டும் சத்தம் கேட்டது. சொன்னபடியே அவள் தடுக்கவில்லை. நான் டிரம்மின் சத்தத்தைக் கேட்டேன்.

"இரு. இன்னும் ஒரு மூலையில ஈரம் இருக்கு."

ஷாமினிக்கு அது பதிலாகத் தெரியவில்லை. பின்பக்கம் போனாள். பெட்டிக் கதவு திறக்கும் சத்தம் வந்தது. நான் கையை நிறுத்தினேன். விரிப்பை உள்ளேயே பிரித்துப் பார்த்திருக்கிறாள். பிறகு கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தவள், "தலைப்புல கொஞ்சம் ஈரம் இருக்குப்பா" என்றாள். என்னை அழைத்துப் போக வந்தவளின் அவசரம் அந்தக் குரலில் இல்லை.

"மாரியம்மா வீட்டு ஸ்கூல் உடுப்பு ரெண்டு பேசின் வெளிய இருக்கு," என்றேன். "திங்கக்கிழம பள்ளிக்கூடம். நான் வந்துட்டா அத யாரு சுத்துவா? உங்கம்மா கை போயிரும்."

அவள் கட்டிலுக்கு அடியில் குனிந்து பயணப் பையை இழுத்தாள். கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன்; ஒரு கணம் எனக்குப் பயமாக இருந்தது. ஜிப்பைத் திறந்ததும் பூஞ்சை நாற்றம் அறை முழுக்க எழும்பியது. ட்ரேசி மூக்கைச் சுளித்தாள். இரண்டு வாரமாக ஈரத்தோடு மடித்துக் கிடந்த சாரோங்குகளில் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது.

புனிதா வந்து மகள் கையிலிருந்து பையை வாங்கினாள். அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து எல்லாவற்றையும் பேசினில் கொட்டினாள். வெறும் பையை உதறி, காற்றுப்பட வாசலில் மாட்டிவிட்டு வந்தாள்.

"இத நான் தொவச்சு எடுத்தாரேன்," என்றாள் என்னிடம். "அதுக்குள்ள அத முடிங்க."

நான் பெடலைப் பிடித்தேன். ஷாமினி தன் கைப்பைக்குள் வைத்திருந்த ஹோம் பேப்பரைத் தேடி எடுத்தாள். மழையில் வந்ததில் அதுவும் ஈரமாகித்தான் இருந்தது.